வளைவில் ஒரு சிலிண்டர்

எங்கள் சந்துக்காரர்களுக்கு மற்ற மாதங்களில் வேலை இருக்கிறதோ இல்லையோ, ஆகஸ்ட் வந்துவிட்டால் கை நிற்காது. சுதந்திர தினத்துக்கு எந்தச் சந்து அழகு என்று போட்டி வைப்பார்கள். சுரபாயாவில் எல்லாச் சந்துகளுக்கும் இந்தக் கிறுக்கு உண்டு, எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல். போன வருஷம் ரயில்பாதைக்கு அந்தப் பக்கத்துச் சந்து காலி பாட்டில்களில் அலங்கார வளைவு கட்டிப் பரிசை அடித்துக்கொண்டு போனதிலிருந்து எங்கள் சந்துத் தலைவர் வாகிதினுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த முறை சுவர், பூந்தொட்டி, சாக்கடை மூடி, என் காப்பிக்கடை பெஞ்சு என்று ஒன்று விடாமல் கொடியின் சிவப்பும் வெள்ளையும் அடித்தார். பெஞ்சு காய்வதற்குள் உட்கார்ந்த சிலர் தேசபக்தியைக் கால்சட்டையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

வளைவுக்கு யோசனை சொன்னவன் இளைஞர் சங்கத்துத் தேகு. என் கடைக்கு நேர் எதிரே ஏசி மெக்கானிக் முஜியோனோவின் வீடு. வீட்டை ஒட்டிய ஒடுக்கத்தில் காலி கேஸ் சிலிண்டர்கள் குவிந்து கிடக்கும். ஒருமுறை தீர்ந்தால் தூக்கிப்போட வேண்டிய மெல்லிய தகரச் சிலிண்டர்கள் அவை. அவற்றை மூங்கில் சட்டத்தில் கட்டி, தூணாக அடுக்கி, பெயிண்ட் அடித்தால் எவன் ஜெயிக்க முடியும் என்று கேட்டான். தலைவர் அன்றைக்கு என் கடையில் கடலைச் சட்னி ஊற்றிய கீரை, எங்கள் பெச்சல், இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அப்போது முஜி வீட்டில் இல்லை. வேலைக்குப் போன இடத்தில் கையுறை போடாமல் ஹோஸைக் கழற்றப்போய், திரவமாய் இருந்த கேஸ் வலது கையில் பீறிட்டுவிட்டது. நெருப்பு இல்லாமல் வெந்துபோகிற சமாச்சாரம் அது. உள்ளங்கை வெளுத்து, பிறகு கொப்புளம் கண்டு, ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் மனைவி கசியாத்தி காலையில் சமைத்து எடுத்துக்கொண்டு போவாள், இருட்டும் முன் திரும்புவாள். அப்படி ஒருநாள் கிளம்புகிற அவசரத்தில்தான் தேகு வந்து கேட்டான். "காலிதானே, எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கசியாத்தி அந்தச் சந்திலேயே பிறந்தவள். அவள் அப்பாவின் வீடு கைமாறிப் போன பிறகும், அதே சந்தில் வாடகைக்கு இடம் பார்த்து முஜியைக் கூட்டிவந்து உட்காரவைத்தவள். ஏசி வேலையை வீட்டில் வைத்துச் செய்யக்கூடாது என்று அக்கம்பக்கம் முணுமுணுத்தபோது தலைவரிடம் மன்றாடியவளும் அவள்தான். காலி சிலிண்டர் மட்டும் வைத்துக்கொள்ளலாம், கேஸ் இருக்கிற ஒன்றுகூடச் சந்துக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு தலைவர் சம்மதித்தார். நிறைந்த சிலிண்டர்களை முஜி சந்தையில் ஒரு சிநேகிதனின் கிட்டங்கியில் வைத்திருந்தான்.

போட்டி நாள் காலையில் முஜியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கையில் பெரிய கட்டோடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினான். வளைவைப் பார்த்துச் சிரித்தான், பெயிண்டை மெச்சினான், தேகுவின் தலையில் இடது கையால் தட்டினான். பிறகு வீட்டுக்குள் போனவன் உடனே திரும்பி வந்து ஒடுக்கத்தை எட்டிப் பார்த்தான்.

"யாத்தி, இங்க இருந்ததெல்லாம் எங்க?"

"அதான் சந்து வாசல்ல வளைவா நிக்குதே, பாத்து பல்லக் காட்டிட்டுத்தானே வந்தீங்க."

"ஒடுக்கத்துக் கதவுக்குப் பின்னால ஒண்ணு வச்சிருந்தேனே. பச்சை. கழுத்துல சிவப்புத் துணி கட்டியிருந்தது."

"அந்தத் துணியா? கிரீஸா இருந்துச்சு. அவுத்துத் தொவச்சு அடுப்படியில வச்சிருக்கேன். ஏன், அது பட்டா?"

முஜி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். என் கடைக்கும் அவன் படிக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போகிற இடம்தான் இருக்கும். நான் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று சொன்னால் என் பெஞ்சுகூட நம்பாது.

"துணி கட்டியிருந்தா காலி இல்லன்னு அர்த்தம் யாத்தி."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்கிட்ட சொல்லியிருக்கீங்களா? காலி மட்டுந்தான் இங்க வரும்னு தலைவர்கிட்ட என்னைச் சத்தியம் பண்ணவச்சதும் நீங்கதானே?"

"நாந்தான்."

"அதுல என்ன இருக்கு?"

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். ஒரு அலுவலகத்தில் கம்ப்ரசர் செத்துப்போன பெரிய மிஷின். உள்ளே இருக்கும் கேஸைக் காற்றில் விட மனசில்லை. கேஸ் பிடிக்கிற கெட்டிச் சிலிண்டர் கிட்டங்கியில் இருந்தது, சிநேகிதனோ தங்கை கல்யாணத்துக்குக் கிட்டங்கியைப் பூட்டிவிட்டுப் போயிருந்தான். கையில் இருந்தது ஒரு காலிப் பச்சை டப்பா. ஒரு ராத்திரிதானே என்று அதில் பிடித்துவிட்டான். மறுநாள் மாற்றுவதற்குள் கை வெந்துபோனது.

"பிடிச்சா என்ன? கேஸ் டப்பால கேஸ்தானே?"

"அந்த டப்பா 22-ம் நம்பர் கேஸுக்குச் செஞ்சது. நான் பிடிச்சது 410. அதவிட ஒன்றரை மடங்கு அழுத்தம். மறுபடி நிரப்பக்கூடாதுன்னு உள்ள ஒருவழி வால்வு வச்சிருப்பான், அதையும் நெம்பி எடுத்துட்டேன். தராசு கொண்டுபோகல. கைக்கணக்குல ரொப்பினேன். நெறைய ரொப்பிட்டேன்னு நினைக்கிறேன்."

"கதவுக்குப் பின்னால இருந்தப்ப ஒண்ணும் ஆகலையே."

"நிழல்ல இருந்துச்சு. இப்ப வெயில்ல நிக்குது."

ஆகஸ்ட் வெயில் எங்கள் ஊரில் விளையாட்டுக்குக் காய்வதில்லை. மழை போய் மாதக்கணக்காகி, காற்றில் உப்பும் புழுதியும் மட்டும் இருக்கும். அப்போது சூரியன் மாதா கோவில் கோபுரத்தைத் தாண்டி வளைவின் இடது தூணைத் தொட்டிருந்தது. உச்சிக்கு ஏறினால் சந்தில் நிழலே இருக்காது.

கசியாத்தி அழவில்லை. அடுப்பில் மஞ்சள் சோறு வெந்துகொண்டிருந்தது. மத்தியானத் தொழுகை முடிந்து நடுவர்கள் வரும்போது பெண்கள் வளைவுக்கு அடியில் அந்தச் சோற்றைக் கோபுரமாகக் குவித்து வைத்து வரவேற்க வேண்டும், அது அவள் பொறுப்பு. போய்ச் சோற்றைக் கிளறிவிட்டு வந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. மத்தியானம் வரைக்கும் பொறுங்க. மேல ஒரு தார்ப்பாயக் கட்டி நிழல் பண்ணிடலாம். நடுவர் போனதும் தேகுகிட்ட நைசா சொல்லி எடுத்துடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"வளைவுக்கு மேல தார்ப்பாய் கட்டவிடுவாரா தலைவர்?"

"தெரிஞ்சா நம்மள இங்க இருக்கவிடுவாரா? இந்த சந்துல பொறந்தவ நான். எங்க அம்மா என்னைப் பெத்த வீடு அதோ இருக்கு. வேற எங்க போயி இருக்கச் சொல்றீங்க?"

முஜி எழுந்து என் கடைக்கு வந்து காப்பி கேட்டான். கொடுத்தேன். தூள் அடியில் இறங்கும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கேட்டுச்சா?"

"எனக்கென்ன கேட்டுச்சு? நான் சோயாத் தேம்பே பொரிச்சுக்கிட்டிருக்கேன்."

"பொரிங்க. ஆனா இன்னும் கொஞ்ச நேரத்துல அடுப்ப அணைக்கச் சொன்னா அணைச்சிடுங்க."

அந்த நேரத்தில்தான் தலைவரின் பேத்தியும் அவள் வயசுப் பெண்குழந்தைகளும் சிவப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டையில் ஓடிவந்தார்கள். நடுவர்களுக்குப் பாடிக்காட்ட ஒத்திகை. டீச்சர் அவர்களை வளைவின் இடது தூணை ஒட்டி வரிசையாக நிறுத்தினாள். கடைசியில் நின்ற குழந்தை வெயிலுக்கு ஒதுங்கித் தூணில் சாய்ந்துகொண்டது.

முஜி டம்ளரை வைத்தான். காப்பி அப்படியே இருந்தது. நேரே போய் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து, "கண்ணு, எல்லாரும் மசூதிப் பக்கம் போய்ப் பாடுங்க, அங்க நிழலா இருக்கு" என்றான். டீச்சருக்குக் கோபம். தலைவர் வந்துவிட்டார்.

"என்ன முஜி, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் வராததுமா என் புள்ளைங்கள வெரட்டுற?"

"தலைவரே, வளைவுல ஒரு சிலிண்டர் காலி இல்ல. உள்ள கேஸ் இருக்கு. அழுத்தமான கேஸ். தப்பு என்னுது."

தலைவர் முதலில் சிரித்தார். பிறகு முஜியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"வெடிக்குமா?"

"வெடிக்கலாம். வெடிக்காமலும் போகலாம். மிஞ்சின அழுத்தத்த விடறதுக்கு சிலிண்டர் தோள்ல ஒரு மூடி இருக்கும், அதுமேல பசங்க பட்டி பூசிப் பூ ஒட்டியிருக்காங்க."

"மத்தியானம் வரைக்கும் தாங்குமா? அதச் சொல்லு மொதல்ல. நடுவர் வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுவாங்கய்யா."

"தாங்கும்னு நான் சொல்லி, நீங்க பேத்திய நிறுத்துவீங்களா?"

வாகிதின் மூக்கைச் சொறிந்தார். மனுஷர் கெட்டவர் இல்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்பார்களே, அவ்வளவுதான். திரும்பிக் கத்தினார்: "எல்லாரும் வீட்டுக்குள்ள போங்க! தேகு, இங்க வாடா!"

தேகு வந்தான். "ஒண்ணு கனமாத்தான் இருந்துச்சு அண்ணே. நல்லதாப் போச்சுன்னு அடியில வச்சோம், சாயாம நிக்குமேன்னு. எந்தத் தூண்னு தெரியல. அடியில இருக்கறது எல்லாத்தையும் பேசின்ல வச்சு சிமெண்ட் ஊத்திட்டோம்."

"கனமா இருந்தா யோசிக்கமாட்டியாடா?"

"கனமா இருந்தா சந்தோஷந்தானே அண்ணே பட்டுச்சு."

தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. முஜி எல்லாரையும் சந்தின் மறுகோடிக்கு விரட்டினான். சிகரெட்டை அணைக்கச் சொன்னான். கேஸ் தீப்பிடிக்காது, ஆனால் நெருப்பில் பட்டால் நஞ்சாகிவிடும் என்றான். கிராம்புச் சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமலே பிறந்து வளர்ந்த ஆண்கள் அன்றைக்கு ஒழுங்காக அணைத்தார்கள். நான் எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்தேன், பாதி வெந்த தேம்பே உள்ளேயே ஊறியது.

பிறகு முஜி ஒவ்வொரு தூணின் அடியிலும் குந்தி உட்கார்ந்து, நல்ல கையின் புறங்கையை சிலிண்டர்களில் வைத்துப் பார்த்தான். காலித் தகரம் வெயில் பட்டதும் தோசைக்கல்லாய்க் காய்ந்துவிடும், உள்ளே திரவம் இருந்தால் சூடேற நேரம் பிடிக்கும். வைத்த வேகத்தில் கையை எடுத்துக்கொண்டே வந்தான். இடது தூணின் உட்புறம், குழந்தை சாய்ந்திருந்த இடத்தில், கையை வைத்தவன் எடுக்கவில்லை.

"இதான்" என்றான். "தண்ணி ஊத்துங்க. மெதுவா. அடிச்சு ஊத்தாதீங்க."

கசியாத்திதான் வாளியோடு போனாள். வேண்டாம் என்று அவன் கையாட்டினான், அவள் கேட்கவில்லை. கோணிச் சாக்குகளை நனைத்து அந்தச் சிலிண்டரைச் சுற்றிப் போர்த்தினாள், காய்ச்சல்காரக் குழந்தைக்குப் போடுவதுபோல. 

மேலே இருந்தவற்றைத் தேகு கம்பி வெட்டி ஒவ்வொன்றாக இறக்கினான். இறக்கும்போது தலைவர் மறுகோடியில் நின்று, "அந்தக் கழுகு! கழுகு மேல கை வைக்காதீங்கடா!" என்று அலறிக்கொண்டிருந்தார். உச்சியில் தகரத்தில் வெட்டிய தேசியச் சின்னக் கழுகு ஒன்று இருந்தது, அவரே வெட்டியது. கழுகு பத்திரமாக இறங்கியது. இடது தூண் போனது. வளைவு ஒற்றைக் காலில் நின்றது.

சிமெண்ட் பேசினோடு சிலிண்டரைக் பதநீர் வண்டிக்காரனிடம் இரவல் வாங்கிய தள்ளுவண்டியில் ஏற்றி, குலுக்காமல் மசூதி முற்றத்துத் தேன்பழ மரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். திறந்த வெளி, காற்றோட்டம். பக்கத்து ஓடையை ஒட்டி வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். "பள்ளத்துல வேண்டாம், இந்தக் கேஸ் காத்தவிட கனம். கீழ தேங்கி நின்னா மூச்சு முட்டிச் சாவோம், வாசனைகூட வராது" என்றான் முஜி. தேகு பைக்கில் போய், கல்யாணம் முடிந்து திறந்திருந்த கிட்டங்கியிலிருந்து இரண்டு கெட்டிச் சிலிண்டர்களையும் தராசையும் கேஜையும் எடுத்துவந்தான். மீன்காரி ஒரு மூட்டை ஐஸ் கொடுத்தாள்.

அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. ஹோஸைத் திருகி மாட்ட இரண்டு கை வேண்டும். சிலிண்டரின் கைப்பிடித் திருகுகளைப் பசங்க பூ செய்வதற்காகக் கழற்றிவிட்டார்கள், ஆகவே இடுக்கியால் திறக்க வேண்டும். முஜியிடம் இருந்தது ஒரு கை.

"நான் பண்றேன் அண்ணே" என்றான் தேகு. கையுறையை இடது வலது மாற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

கசியாத்தி அவனிடமிருந்து கையுறையைப் பிடுங்கிக்கொண்டாள். "செரச்சது போதும், தள்ளு" என்று சொல்லி முஜி வேலைக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டாள். முக்காட்டுக்கு மேல் அந்தப் பெரிய கண்ணாடியோடு தவளை மாதிரி இருந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"முகத்த நேரா வைக்காத. பக்கவாட்டுல நில்லு" என்றான் முஜி.

"நின்னாச்சு."

"கெட்டிச் சிலிண்டர் ஐஸ்ல நல்லா குளிரட்டும். அது குளிர்ந்தா இதுல இருக்கற கேஸ் தானா அங்க போகும். தள்ளவே வேண்டாம்."

"இடுக்கி போட்டாச்சு. எந்தப் பக்கம்?"

"இடதுக்கு. இத்துணூண்டு. சோத்துல உப்புப் போடற மாதிரி."

"உங்களுக்கு உப்புப் போட்டா என்னைக்கு சரியா இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

அவன் முகத்தில் காலையிலிருந்து முதல்முறையாக ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. ஹோஸ் சீறியது, பனி பூத்தது. கேஜ் முள் எழுந்து நடுங்கி நின்றது. தராசில் எண் ஏறத் தொடங்கியது. கெட்டிச் சிலிண்டரில் முக்கால் பங்கு தாண்டி இன்னும் கொஞ்சம், அதற்குமேல் ஒரு சொட்டு கூடாது என்று அவன் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான், அவள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மூடு" என்றதும் மூடினாள்.

மிச்சத்தை இரண்டாவது கெட்டிச் சிலிண்டரில் பிடித்துக்கொண்டிருக்கும்போது நடுவர்கள் வந்துவிட்டார்கள். ஒற்றைக் கால் வளைவையும், காலியான வாசலையும், மரத்தடியில் ஐஸ் மூட்டைக்கு நடுவே கண்ணாடி போட்டுக் குந்தியிருந்த பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இது என்ன நிகழ்ச்சி?" என்று கேட்டார் ஒருவர்.

"பாதுகாப்புச் செயல்விளக்கம்" என்றார் தலைவர், கழுகைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

பரிசு இந்த வருஷமும் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் போனது. மஞ்சள் சோற்றை மரத்தடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அடி பிடித்திருந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது. முஜிக்குக் கசியாத்தி ஊட்டிவிட்டாள். எல்லாரும் முஜியின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள், சொன்னாயே அதுவே பெரிசு என்றார்கள். எனக்கு எல்லாம் நல்லபடி முடிந்தது என்றே பட்டது. நான் இந்தச் சந்தில் இத்தனை காலம் இருந்தும் இவர்களைச் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை.

அடுத்த வாரம் தலைவர் வீட்டு முன்னறையில் கூட்டம் போட்டார்கள். யாரும் குரல் உயர்த்தவில்லை. டீ வந்தது, வாழைப்பழப் பஜ்ஜி வந்தது. முஜியின் கை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவராக விசாரித்தார்கள். பிறகு தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"முஜி, உன் மேல யாருக்கும் வருத்தமில்ல. ஆனா புள்ளைங்க இருக்கற சந்து. காலியோ நெறஞ்சதோ, இனிமே வேண்டாம்னு எல்லாரும் நினைக்கிறாங்க."

"சிலிண்டர் இல்லாம தொழில் ஏது தலைவரே?"

"அதான்" என்றார் அவர்.  "நீயும் ஒரு பஜ்ஜி எடுத்துக்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னவனை இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள், பஜ்ஜித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள். எங்கள் ஊரில் அதற்கு, பேச்சு முடிந்தது என்று பொருள். முஜி தலையசைத்தான். கசியாத்தி எழுந்து டீ டம்ளர்களைச் சேகரித்து உள்ளே கழுவப் போனாள், அவள் வீட்டு விசேஷம்போல.

அவர்கள் வீடு மாறிய அன்று மொத்தச் சந்தும் கூடிவிட்டது. பீரோவைத் தேகுவும் நண்பர்களும் தூக்கினார்கள். மீன்காரி பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். யாரோ பனங்கற்கண்டு கேக் செய்து கொண்டுவந்தார்கள். ஜோக் அடித்தார்கள், சிரித்தார்கள், தலைவரே தராசை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் முன்னால் ஏறிக்கொண்டார். விரட்டியவர்களே வழியனுப்ப வந்த கூட்டம் எவ்வளவு அன்பாக இருந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. நானும் கட்டிலின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுதான் போனேன்.

வண்டி நகரும் முன் கசியாத்தி கையில் துடைப்பத்தோடு அவள் பிறந்த வீட்டைத் தாண்டிச் சந்து முனை வரை நடந்து வந்தாள். வளைவு நின்ற இடத்தில் சிமெண்ட் வழிந்த வட்டத் தடம் ஒன்று மட்டும் தரையில் இருந்தது. அங்கே வந்ததும் அவளால் முடியவில்லை.

"நீங்க வாயத் திறக்காம இருந்திருந்தா" என்றாள், "நாம இன்னும் இங்கதான் இருந்திருப்போம்."

முஜி கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு நின்றான்.

"இருந்திருப்போம்" என்றான். "நான் இருந்திருப்பேன் யாத்தி. அன்னைக்கு மத்தியானம் நீ சோத்தக் கையில வச்சுக்கிட்டு இந்த எடத்துலதானே நின்னுருப்ப."

அவள் அழுதாள், அங்கேயே, எல்லாருக்கும் முன்னால். தலைவர் வண்டியிலிருந்து தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவள் மூக்கைச் சிந்திவிட்டு, துடைப்பத்தை அவன் நல்ல கையில் கொடுத்து, வண்டியில் ஏறினாள்.